விதைப்பூண்டுக் குழம்பு

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து, நான் இல்லாத நேரம் பார்த்துச் சிரிப்பதைவிட இது எனக்குக் கொஞ்சம் மரியாதை. மனிதர்களின் மனசைப் பார்ப்பதற்கென்றே மாதாமாதம் சம்பளம் வாங்கினவன் நான். அப்படிப்பட்டவன் கையில் ஒரு பெரியவர், தான் இனி இருக்கப்போவதில்லை என்பதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். நான் ‘ரொம்ப நன்றிங்கய்யா’ என்று பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்து, அதைக் குழம்பு வைத்துத் தின்றேன். குழம்பு பிரமாதமாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இந்த மலைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பி, தங்கைகளே, நீங்கள் என்னைவிட அதிகம் படித்தவர்கள். எந்த மாத்திரை என்ன செய்யும், எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அதில் நான் தலையிடவில்லை. இந்தப் பூண்டு சமாச்சாரத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் வண்டியை உங்களுக்குத் தெரியும். பக்கவாட்டில் ‘மனநலம்’ என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். அந்த யோசனை யாருடையதோ, அவர் மலை ஏறி வந்ததே இல்லை என்று நினைக்கிறேன். மேல்மலைக் கிராமங்களில் அந்த வண்டி நுழைந்தால் தெரு காலியாகும். வயசானவர்கள் வீட்டுக்குள் போய்ச் சாத்திக்கொள்வார்கள். எனக்கு ஊருக்குள் ‘பைத்தியக்கார சார்’ என்று பெயர். அதில் இரண்டு அர்த்தம் உண்டு என்று என் வீட்டுக்காரி சொல்வாள். இரண்டும் பொருந்தும் என்பாள்.

ஆகவே நான் ஒரு தந்திரம் செய்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினை எடுத்துக்கொண்டு, வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். ‘பிரஷர் பாக்குறோம்’ என்றால் வரிசை கட்டி வருவார்கள். கைப்பட்டையைச் சுற்றிக்கொண்டே தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று கேட்பேன். இடையிடையே ஜோக் அடிப்பேன். சிரித்தால் மனசு திறக்கும் என்பது என் சித்தாந்தம். எங்கள் டாக்டரம்மா ஒருமுறை முகாமில் பக்கத்திலேயே இருந்து இதையெல்லாம் பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது கேட்டார்.

“எல்லாரையும் சிரிக்க வைக்கிறீங்க. சரி. அழணும்னு வந்தவங்க உங்ககிட்ட எங்க அழுவாங்க?”

நான் அதற்கும் ஒரு ஜோக் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அத்தோடு மறந்தும் போனேன்.

மேல்மலைப் போளூரில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் பெருமாளய்யா. எழுபதைத் தாண்டியவர். இரண்டு படிக்கட்டு வயல், ஒரு மாடு, வாய் நிறையச் சிரிப்பு. மனைவி இறந்து சில வருடம் ஆகியிருந்தது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். நல்ல பையன். தினமும் போன் பண்ணுவான், மாதம் ஒருமுறை வருவான். அய்யாவுக்கு ஒரு குறையும் இல்லை என்று ஊரே சொல்லும். நானும் சொன்னேன்.

என் ஜோக்குக்கு முதலில் சிரிப்பவர் அவர்தான். சொல்லி முடிப்பதற்கு முன்பே சிரித்துவிடுவார். மேடைப் பேச்சாளனுக்கு முன்வரிசை ரசிகன் மாதிரி எனக்கு அவர். ஆனால் ஒரு வருடமாக அவர் நெஞ்செரிச்சல் என்றார், உடம்பு காந்துகிறது என்றார், கால் ஓய்கிறது என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார்கள். தனியார் மருத்துவர் சத்து ஊசி போட்டார். நானும் என் பங்குக்குப் பிரஷர் பார்த்து, “உங்களுக்கு என்னய்யா, எமன் வந்தாலும் டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவீங்க” என்றேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பூண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்களும் பார்த்திருப்பீர்கள், மேல்மலை வீடுகளில் அடுப்புக்கு மேலே பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அடுத்த நடவுக்கான விதை அது. புகை பட்டுப் பட்டுப் பழுப்பேறிக் கிடக்கும். புகை பட்டால்தான் கெடாது. ஒருமுறை அவர் வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்து, “இதுல ரெண்டு குடுங்கய்யா, வீட்டுல குழம்பு வைக்கச் சொல்றேன்” என்று கேட்டேன்.

“பொண்ணு கேளுங்க சார், யோசிக்கலாம்” என்றார். “வெதை கேக்காதீங்க.”

எனக்கு அது பிடித்துப்போய், போகிற ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். சொந்தச் சரக்கு மாதிரி.

அந்த ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை. முகாம் முடிந்து கிளம்புகிற நேரம். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது, வண்டி ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பெருமாளய்யா வேகவேகமாக வந்து ஒரு மஞ்சள் பையை என் கையில் திணித்தார். உள்ளே பூண்டு, காம்பு அறுத்துச் சுத்தமாக.

“சமைச்சுச் சாப்பிடுங்க சார்.”

“என்ன விசேஷம்ங்கய்யா?”

“சும்மாதேன். நீங்கதேன் வாரா வாரம் வந்து சிரிக்க வைக்கிறீங்க.”

எனக்கு ஒரே பெருமை. வேலைக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்தேன். வண்டியில் வரும் வழியெல்லாம் பையை மடியில் வைத்துக்கொண்டு, மக்கள் என்மேல் எவ்வளவு பிரியமாக இருக்கிறார்கள் என்று ஓட்டுநருக்கு வகுப்பு எடுத்தேன். பாவம், அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கீழே டவுனில், நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டில் பூண்டுக் குழம்பு. பூண்டை உரித்துக்கொண்டே என் வீட்டுக்காரி சொன்னாள்: “என்னங்க, பூண்டு பூராம் புகை வாடை அடிக்குது?”

“மலைப்பூண்டுன்னா அப்படித்தாம்மா. உனக்கு என்ன தெரியும்” என்றேன், நிபுணர் போல.

சாப்பிட உட்கார்ந்தேன். முதல் முறை, இரண்டாம் முறை. ஒரு முழுப் பூண்டுப் பல்லை வாயில் போட்டுக் கடித்தபோது அந்தப் புகை வாசனை மூக்கில் ஏறியது. ‘வெதை கேக்காதீங்க.’ அப்படியே கை நின்றுவிட்டது.

விதையை எதற்குக் கொடுத்தார்? இன்னும் இரண்டு மாதத்தில் நடவு. விதையைக் கொடுத்துவிட்டு எதை நடுவார்? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான் இருந்தது. அதை நினைக்காமல் இருப்பதற்காக வேறு எத்தனையோ பதில் தேடிப் பார்த்தேன். நிறைய விளைந்திருக்கும். பூண்டை விட்டுக் கேரட்டுக்கு மாறியிருப்பார். மகன் விதை வாங்கித் தருவான். சமாதானம் கண்டுபிடிப்பதில் எனக்கு நிகர் நானே. ஆனால் வயிற்றுக்குள் போன பூண்டு ஒன்றுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவருக்கு போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டேன். அதே குரல், அதே பதில்.

போளூரில் எனக்கு நம்பர் தெரிந்த இன்னொரு ஆள், டீக்கடை செல்வி. பெருமாளய்யாவுக்குப் பக்கத்து வீடு. அவரை மாமா என்று கூப்பிடுவாள்.

“செல்வி, பெருமாளய்யா வீட்டுக்கு வெரசா ஒரு எட்டு போய்ப் பாரும்மா. போய் அவர்கூடவே இரு. தனியா விடாத.”

“ஏன் சார், மாமா என்ன காணாமப் போற பச்சப்புள்ளையா?”

“எனக்கு அவர் குடுத்தது விதைப்பூண்டும்மா. நான் அதத் தின்னுட்டேன்.”

கலகலவென்று சிரித்தாள். “போன மாசம் டெல்லியிலருந்து டீயச் சோதிக்க ஆள் வருதுன்னு சொன்னீங்க. பால்ல தண்ணி ஊத்தாம ஒரு நாள் பூரா நட்டத்துல ஓட்டினேன். இன்னைக்குப் பூண்டா? வைங்க சார், டூரிஸ்டு கூட்டம் நிக்குது. எனக்குச் சோலி கெடக்கு.”

போனை வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. வருஷக்கணக்காகப் பாடுபட்டு நான் சேர்த்துவைத்த பெயர் அன்றைக்கு எனக்கு முழுசாகப் பலன் கொடுத்தது.

அடுத்த தெரு மூர்த்தி ஞாயிறு மதியம் தன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு மேல்மலைக்குப் போவான். கேரட் ஏற்றி வத்தலக்குண்டு மார்க்கெட்டில் இறக்குவான். ஓடிப்போய் அவன் வண்டியை மறித்தேன்.

“எங்க சார், சோத்துக் கையோட கெளம்பிட்டீங்க?”

அப்போதுதான் பார்த்தேன். கை கழுவியிருக்கவில்லை. அந்தக் கையோடுதான் முழு மலையும் ஏறினேன். முகத்தைத் துடைத்தால் பூண்டு, போனைக் காதில் வைத்தால் பூண்டு.

வழியில் டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். அவர் பதறவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“நேராக் கேளுங்க. சாகணும்னு நினைக்கிறீங்களான்னு அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்க. கேட்டா புதுசா எண்ணம் வந்துரும்னு பயப்படாதீங்க, அப்படி வராது. தனியா விடாதீங்க. எந்நேரம் ஆனாலும் கூட்டிட்டு வாங்க, நான் ஆஸ்பத்திரியிலதான் இருப்பேன்.” போனை வைக்கும் முன் சொன்னார்: “ஜோக் வேண்டாம்.”

பூம்பாறைக்கு முன்னால் ஒரு வளைவில் வண்டிகள் நின்றன. நடுரோட்டில் ஒரு காட்டுமாடு. மதில்சுவர் மாதிரி நின்று, எதையோ அசைபோட்டுக்கொண்டிருந்தது. சுற்றுலாக்காரர்கள் கார் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் தன் மொபைலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கவே போனான்.

“ஏலே, ஏறு உள்ள! முட்டுச்சுன்னா உன் போட்டோவத்தேன் மாலை போட்டு வைப்பாக!” என்று கத்தினான் மூர்த்தி.

“ஹாரன் அடிடா மூர்த்தி.”

“அடிச்சா அது போகாது சார், நம்ம பக்கந்தேன் வரும். அதுவாப் போற வரைக்கும் இருக்கணும்.”

இருந்தோம். அது எங்களை ஒருமுறை பார்த்தது. காதை ஆட்டியது. மறுபடி அசைபோட்டது. உலகத்தில் அவசரம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. நான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். மூர்த்தி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, போட்டிருந்த பாட்டை நிறுத்தினான். அதுவரை அவனும் நான் ஏதோ கூத்துக்குப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தான்.

அந்த வளைவில் சிக்னல் இருந்தது. செல்விக்கு மறுபடி அடித்தேன். எடுத்தாள்.

“சார், மறுபடியுமா?”

“செல்வி.”  என்ன சொன்னால் நம்புவாள் என்று தேடினேன். கடைசியில், “நான் வெளையாடலம்மா. எனக்குப் பயமா இருக்கு” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

 “இந்தா போறேன் சார்” என்றாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

காட்டுமாடு தன் பாட்டுக்குக் காட்டுக்குள் இறங்கியது. வண்டி நகர்ந்தது. மன்னவனூர் தாண்டும்போது போன் ஒருமுறை அடித்தது. “சார்… வீடு பூட்டிக் கெடக்கு… மாடு…” என்று செல்வியின் குரல் வந்தது. அத்தோடு சிக்னல் போய்விட்டது. போளூர் போய்ச் சேரும்வரை அந்த ‘மாடு’ என்ற சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டுக்கு என்ன? மாட்டுத் தொழுவத்தில் என்ன? மனசு போகாத இடமெல்லாம் போனது. 

செல்வி பஸ் நிற்கிற இடத்திலேயே நின்றாள். “காலையில வெள்ளனே மாட்டக் கொண்டாந்து எங்க வீட்டுத் தொழுவத்துல கட்டிட்டுப் போயிருக்காரு சார். நான் கடையில இருந்துட்டேன், கவனிக்கல. தண்ணியும் புல்லும் வச்சுட்டுப் போயிருக்காரு.” அவள் முகம் வெளுத்திருந்தது. “அந்த மாட்ட அவரு யாரையும் தொட விடமாட்டாரு சார்.”

வயலுக்கு ஓடினோம். ஓடினோம் என்பது பெயருக்குத்தான். என் உடம்புக்கு, உருண்டேன் என்பதே சரி. பனி இறங்கி, நாலு படிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. “மாமா! மாமா!” என்று செல்வி கூப்பிட்டாள். பதில் இல்லை. தூரத்தில் யாரோ தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார்கள். அமைதி இன்னும் கெட்டியானது.

இரண்டாவது படிக்கட்டு வயலின் கல்வரப்பில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, துவைத்த சட்டை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர் மாதிரி. உயிரோடு இருந்தார். நான் அவர் பக்கத்தில் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தார். அதே சிரிப்பு. “வாங்க சார். குழம்பு எப்படி இருந்துச்சு?”

தம்பிகளே, அந்த நொடியில் என் வாயில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. நல்ல ஜோக். சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார், நானும் சிரித்திருப்பேன், ‘ஒன்றுமில்லை, எல்லாம் சரி’ என்று இருவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு, மூர்த்தி வண்டியில் நான் வீடு திரும்பியிருப்பேன். அதை விழுங்கினேன். பூண்டைவிடக் காரமாக இருந்தது.

“அய்யா, செத்துப்போகணும்னு நினைச்சீங்களா?”

கேட்டுவிட்டு எனக்குப் பயம். அடிப்பாரோ, எழுந்து போய்விடுவாரோ, நானே அந்தச் சொல்லை அவர் கையில் கொடுத்துவிட்டேனோ என்று. அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. சிரிப்பில்லாமல் அவர் முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அது மிகவும் களைத்த முகம்.

“இதக் கேக்க இம்புட்டு நாளாச்சா சார்?” என்றார். “தூக்கம் வருதான்னு கேக்குறாக, பசிக்குதான்னு கேக்குறாக, வயித்துக்கு மாத்திரை குடுக்குறாக. இத ஒருத்தரும் கேக்கலயே.”

பிறகு பேசினார். விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடுகிறதாம். வந்தால் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி. சோறு மண்ணாக இருக்கிறதாம். வயலைப் பார்த்தால் யாரோ ஒருவருடைய வயல் மாதிரி தெரிகிறதாம். “மகன் தங்கமா இருக்கான் சார். ஒரு குறையும் இல்ல. ஒரு குறையும் இல்லாம ஏன் இப்படி இருக்குன்னுதேன் வெக்கமா இருக்கு.” செல்வி முகத்தை முந்தானையில் பொத்திக்கொண்டாள்.

எல்லாம் சொல்லிவிட்டு, “யார்ட்டயும் சொல்லிறாதீங்க சார்” என்றார்.

இதற்கு ஒப்புக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. தலையை ஆட்டியிருந்தால் அந்த நிமிடம் சுகமாகப் போயிருக்கும்.

“சொல்லத்தான் போறேங்கய்யா. உங்க மகன்ட்ட, டாக்டரம்மாட்ட. இன்னைக்கே.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “அப்ப உங்களை நம்பிச் சொன்னது என் தப்பு. பைத்தியம்னு பேரு வாங்கிட்டு, நாளைக்கு எம்பேத்திக்கு எவன் மாப்பிள்ளையா வருவான்? அந்த எழுத்துப் போட்ட வண்டியில ஏறவா? போங்க சார்!” எழுந்து வரப்பு வழியாகக் கீழே நடக்க ஆரம்பித்தார். பனிக்குள் இரண்டே எட்டில் பாதி ஆள் மறைந்துவிட்டார்.

நான் பின்னாலேயே போனேன்.  என் படிப்பு, அனுபவம், சித்தாந்தம் எல்லாம் அந்த ஈர வரப்பில் வழுக்கிக்கொண்டு வந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு செல்வி முன்னால் ஓடினாள்.

“மாமா! மாட்டக் கட்டிட்டுப் போனீகளே, பாலு யாரு கறக்கிறது? அது என்னைய ஒதைக்கும்னு தெரியாதா உங்களுக்கு? மடி கட்டிக்கிட்டுக் கத்துது அங்க!”

அவர் நின்றார்.  பிறகு, “காலையில கறக்கலயா நீ?” என்றார்.

“யாரு கறக்குறது? வந்து கறந்து குடுத்துட்டு எங்க வேணா போங்க!”

அந்தக் கோபத்தில் அழுகை இருந்தது. அவர் திரும்பி நடந்தார். மாட்டுப்பக்கம் உட்கார்ந்து பால் கறந்தார். நான் தொழுவத்து வாசலில் நின்று, அவர் கேட்கும்படியாகவே மகனுக்கு போன் போட்டு எல்லாம் சொன்னேன். இனி அவருக்குப் பின்னால் எதையும் செய்வதில்லை என்று முடிவு. செல்வியிடம் அவர் கொட்டகையில் இருக்கிற பூச்சிமருந்தையெல்லாம் எடுத்துத் தன் வீட்டில் வைத்துப் பூட்டச் சொன்னேன். அதையும் அவர் எதிரிலேயே சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

செம்பு நிறைந்ததும், “அந்த எழுத்துப் போட்ட வண்டி எங்க நிக்குது?” என்றார்.

“இன்னைக்கு லீவுங்கய்யா. நான் வந்தது மூர்த்தியோட கேரட் வண்டி.”

கேரட் ஏற்றி முடியும்வரை அவர் பக்கத்தை விட்டு நான் நகரவில்லை. பிறகு மூர்த்தி, பெருமாளய்யா, நான் என்று மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கினோம். வழியில் பார்த்தவர்களெல்லாம், “என்ன பெருமாளு, மார்க்கெட்டுக்கா?” என்று கேட்டார்கள். அவர் “ஆமா” என்று தலையாட்டினார். கேரட் மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து போகிற விவசாயியைப் பார்த்து யாரும் வேறு கேள்வி கேட்பதில்லை. என் சர்வீஸில் மிச்சமிருந்த இரண்டு மாதத்தில் நான் ஊர் ஊராக இன்னும் எத்தனை பெரியவர்களைக் காய்கறி வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன் என்று மூர்த்தியைக் கேளுங்கள். வண்டியில் எழுதியிருப்பதை அழிக்கச் சொல்லி நீங்களும் கேட்டுக்கொண்டே இருங்கள். நான் கேட்டேன். இன்னும் எழுத்து அப்படியே இருக்கிறது.

டாக்டரம்மா சொன்னபடி இருந்தார். சில நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார். மகன் திருப்பூரிலிருந்து வந்து, வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான். “நாங்க என்ன சார் குறை வச்சோம்?” என்றான். அடிக்க வந்தவன் மாதிரிதான் இருந்தது. “குறை வைக்கலப்பா. காய்ச்சல் வந்தா யார் குறை?” என்றேன். அவனுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. எனக்குமே போதவில்லை.

இத்தோடு கதை முடிந்தது, நாம் ஜெயித்தோம் என்று நினைக்காதீர்கள். பயம் அதற்கப்புறம்தான். மருந்து உடனே பிடிக்காது. அவர் ஊர் திரும்பினார், மருமகள் வந்து கூட இருந்தாள், செல்வி ஒரு கண் வைத்திருந்தாள். நான் வீட்டில் போன் அடித்தாலே திடுக்கிடுவேன். மீதிப் பூண்டு எங்கள் வீட்டில் கிடந்தது. அது கண்ணில் படும்போதெல்லாம் எடுத்து உள்ளே தள்ளிவைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் அவர் நட்டுவிடுவார், நட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு குருட்டுக் கணக்குப் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போளூர் போனேன்.

“குடுத்தத திருப்பி வாங்குற பழக்கம் எங்களுக்கு இல்ல சார்” என்றார்.

என்ன செய்வது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில் ஒரு ஜோக் சொன்னேன். சொல்லி முடிப்பதற்கு முன்பே அவர் சிரித்தார். அதே பழைய சிரிப்பு. அந்தச் சிரிப்பை இனி நான் நம்பத் தயாராக இல்லை. திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். விசாரித்தால், வாய் உலர்கிறது என்று மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். மருமகளிடம் சொல்லவில்லை. மருந்தை மாற்றினார்கள். மறுபடி காத்திருத்தல். முன்பெல்லாம் அவர் சிரித்தால் எனக்கு நிம்மதி. இப்போது அவர் சிரிக்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு போய் வந்தேன். என் ஜோக்குக்கு யாரும் சிரிக்கக் கூடாது என்று நானே பிரார்த்தனை செய்த காலம் அது ஒன்றுதான்.

 என் வீட்டுக்காரி, நான் திருப்பிக் கொண்டுவந்த பூண்டைச் சணல் பையில் கட்டி, குளியலறை வெந்நீர் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். “கெடக்கட்டும். கேட்டா குடுக்கலாம்” என்றாள். தினமும் அதற்கடியில் நின்று குளித்தேன்.

ஐப்பசி வந்தது. அக்டோபர் கடைசியோடு எனக்குப் பணி ஓய்வு. கடைசி முறையாகப் போளூர் போனேன். மழை விட்டிருந்தது. படிக்கட்டு வயல்களில் ஆட்கள் குனிந்து பூண்டு நட்டுக்கொண்டிருந்தார்கள். பெருமாளய்யா தன் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அழுக்கு வேட்டி, முழங்கால் வரை சேறு. நான் கையை வீசிக்கொண்டு போய் நின்று, ஓய்வு பெறப்போகிறேன் என்பதைச் சொல்லி, இதற்கென்றே யோசித்து வைத்திருந்த ஜோக்கை எடுத்துவிட்டேன். என் வாழ்நாளிலேயே சிறந்த ஜோக் அது என்று இப்போதும் சொல்வேன்.

சிரிக்கவில்லை. ஒரு பல்கூடத் தெரியவில்லை. என் கையைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தார்.

“வெதைப்பூண்டு எங்க சார்?” என்றார்.